வள்ளத்தை விற்கும் முன்: வெளிநாட்டில் கூடைப்பந்து ஆடப்போகும் தம்பிக்காக ஓர் அக்காவின் கடிதம்

இந்த முறை வந்த கடிதம் தேவிப்பட்டினத்துக்குத் தெற்கே, வடகடல் ஓரத்து ஊர் ஒன்றிலிருந்து. எழுதியவர் பள்ளி ஆசிரியை, வயது 31. அடையாளம் தெரியக்கூடியவற்றை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 22 வயது. ஆறடி ஏழங்குல உயரம். பள்ளியில் படித்தபோது அந்த உயரத்தைப் பார்த்துத்தான் பி.டி. வாத்தியார் கையில் பந்தைக் கொடுத்தாராம். அங்கிருந்து அரசு விளையாட்டு விடுதி, பிறகு சென்னையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி, இரண்டு முறை மாநில அணி. இப்போது இரண்டு வாய்ப்புகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. ரயில்வே ட்ரையல்ஸில் தேர்வாகி, அடுத்த மாதம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். அதே நேரம், தம்பி ஆடிய வீடியோக்களை இன்ஸ்டாகிராமில் பார்த்ததாகச் சொல்லி, வடமாநிலத்திலிருந்து ஒரு ஏஜெண்ட் பேசியிருக்கிறார். கிழக்கு ஐரோப்பாவில் ஓர் இரண்டாம் டிவிஷன் கிளப், பத்து மாதம், மாதம் 1,500 யூரோ, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்கிறார். அதற்கு ‘ரெஜிஸ்ட்ரேஷன், கிளியரன்ஸ், விசா செலவு’ என்று ஐந்தரை லட்சம் கேட்கிறார்.

50,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பியாகிவிட்டது. பாஸ்போர்ட்டும் அசல் சான்றிதழ்களும் கூரியரில் போய்விட்டன. மீதி ஐந்து லட்சத்தைப் பதினைந்து நாளில் கட்ட வேண்டும். அப்பா தன்னுடைய ஃபைபர் வள்ளத்தை இன்ஜின், வலையோடு விற்றுவிடுகிறேன் என்கிறார். அம்மா தன் பதினொரு சவரனை எடுத்து வைத்துவிட்டார். அக்கா கொஞ்சம் பொறுக்கச் சொன்னதற்குத் தம்பி, “நான் மேலே போறது உனக்குப் பிடிக்கல” என்று சொல்லிவிட்டுப் பத்து நாளாகப் பேசவில்லை.

அவர் கேட்டிருப்பவை நான்கு. மீதிப் பணத்தைக் கட்டலாமா? கட்டாமல் பின்வாங்கினால், தம்பி கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக் கேஸ் போடுவார்களா? ரயில்வேயில் சேர்ந்தால் வெளிநாட்டுக் கதவு மூடிவிடுமா? ஐரோப்பாவில் ஒரு வருடம் ஆடினால் அடுத்து அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.தான் என்று தம்பி சொல்வது உண்மையா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய்கூட இனிமேல் கட்ட வேண்டாம். வள்ளம் கரையிலேயே இருக்கட்டும், நகை பெட்டியிலேயே இருக்கட்டும். தம்பியின் ஆசையை நான் தட்டிவிடவில்லை. அந்த ஆசைக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் நிற்பது அந்த வழியில் இல்லை, அவ்வளவுதான்.

நான் ராமநாதபுரம் நீதிமன்றத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக வக்கீலாக இருக்கிறேன். இந்தக் கடற்கரையில் பாஸ்போர்ட் இல்லாத வீடு குறைவு. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எந்த ஊரை எடுத்தாலும் துபாய், சவூதி, மலேசியா போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் நல்லபடி போய் நல்லபடி வந்தவர்களே அதிகம். ஆனால் என் மேஜைக்கு வருவது மற்றவர்களின் கதை. என் சொந்தச் சித்தப்பா மகனே டிரைவர் வேலை என்று பணம் கட்டிப் போய், இறங்கிய இடத்தில் அப்படி ஒரு கம்பெனியே இல்லாமல், ஏழு மாதம் யார் யாரிடமோ கைவேலை செய்து திரும்பினான். சித்தப்பா வைத்த அடகு மூழ்கியது. அதனால்தான் கூடைப்பந்து என்ற புதுப்பெயர் இருந்தாலும், உங்கள் கடிதத்தின் உள்ளே இருப்பது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

பணம் எந்தப் பக்கம் போகிறது?

தொழில்முறை விளையாட்டில் ஆட்டக்காரருக்குத்தான் பணம் வரும். ஒரு கிளப்புக்கு உங்கள் தம்பி உண்மையிலேயே வேண்டுமென்றால், விமான டிக்கெட்டை அவர்கள் எடுப்பார்கள், விசாவுக்கான காகிதங்களை அவர்கள் அனுப்புவார்கள், வீட்டை அவர்கள் பார்த்து வைப்பார்கள். ஏஜெண்டுக்கும் கூலி உண்டு. ஒப்பந்தத் தொகையில் பொதுவாகப் பத்து சதவீதம் வரை என்பது இந்தத் தொழிலில் வழக்கம். அதைப் பெரும்பாலும் கிளப்பே கொடுத்துவிடும். ஆட்டக்காரர் கொடுப்பதாக இருந்தாலும் சம்பளம் கைக்கு வந்த பிறகுதான்.

இன்னொரு கோணத்திலும் பாருங்கள். இந்த நபர் தன்னை விளையாட்டு ஏஜெண்ட் என்று சொன்னால், சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் உரிமம் அவரிடம் இருக்க வேண்டும். அதற்குத் தேர்வு எழுத வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிபாவின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. இல்லை, நான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவன் என்று சொன்னால், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அப்படிப் பதிவு பெற்றவர்கள்கூட வேலைக்குப் போகிறவரிடம் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஆக, அவர் எந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டாலும் ஐந்தரை லட்சத்துக்கு இடமில்லை.

‘கிளியரன்ஸ் செலவு’ என்று சொல்லியிருக்கிறார் அல்லவா? அதையும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைதான் ஆட்களை நம்ப வைக்கும். ஒரு ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் லீக்குக்குப் போக, அவர் கடைசியாக ஆடிய நாட்டின் சம்மேளனம் ‘லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்’ தர வேண்டும். அது நிஜம். ஆனால் அதைக் கேட்டு வாங்குவது அவரை எடுக்கும் கிளப்பும் அந்த நாட்டுச் சம்மேளனமும். நம் ஊர் வீட்டில் லட்சக்கணக்கில் வசூலித்து வாங்கும் சரக்கல்ல அது. உங்கள் தம்பி இங்கே எந்தக் கிளப்போடும் ஒப்பந்தத்தில் இல்லாதபோது அதை மறுக்கவும் காரணம் இருக்காது.

விசா விஷயத்தில் நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. “முதலில் டூரிஸ்ட் விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் சுற்றுலா விசா என்பது 180 நாளில் 90 நாள் தங்கும் அனுமதி. சம்பளம் வாங்கி வேலை செய்யும் அனுமதி அல்ல. பத்து மாத ஒப்பந்தத்துக்கு மூன்று மாத விசாவில் அழைக்கிறார் என்றால் கணக்கே உதைக்கிறது. அப்படிப் போன பிள்ளை சம்பளம் வராவிட்டாலும் யாரிடமும் முறையிட முடியாது. அவன் வேலை செய்ததே அங்கே சட்டவிரோதம். பிடிபட்டால் திருப்பி அனுப்புவதோடு, திரும்ப உள்ளே வரவும் தடை போடலாம். 22 வயதில் அந்தத் தடை விழுந்தால் அவன் ஐரோப்பா கனவுக்கே அது கல்லறை.

கையெழுத்துப் போட்ட தாள்

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கிளப்பின் சின்னம் மேலே இருக்கிறது. கிளப்பின் கையெழுத்து எங்கும் இல்லை. ஏஜெண்டும் உங்கள் தம்பியும் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ‘வர மறுத்தால் மூன்று லட்சம் அபராதம்’ என்ற வரிதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று புரிகிறது.

இது கிளப்போடு போட்ட வேலை ஒப்பந்தம் அல்ல. பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஏமாற்றப்பட்டவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம். தாளில் மூன்று லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே நீதிமன்றம் மூன்று லட்சத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாது. அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான், அதுவும் எழுதிய தொகைக்கு மேல் போகாமல். ஒருவரின் உடலையும் திறமையையும் சார்ந்த வேலையை, “நீ போய்ச் செய்தே ஆக வேண்டும்” என்று கட்டாயப்படுத்தி எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. ஆகவே கேஸ் வரும் என்ற பயத்தில் பணம் கட்டாதீர்கள். இப்படிப் பணம் கேட்கிறவர்கள் நீதிமன்றப் படி ஏறுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. அங்கே வந்தால் முதலில் அவர்கள் உரிமம் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும்

வள்ளத்தைவிட, ஐந்து லட்சத்தைவிட, இன்றைக்கு அவசரம் இதுதான். அடுத்த மாதம் ரயில்வே சரிபார்ப்புக்கு அசல் சான்றிதழ்கள் வேண்டும். அவை ஒரு தெரியாத ஆளின் அலமாரியில் இருக்கின்றன. நீங்கள் கடிதத்தில் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதைப் படித்ததும் நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது.

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. பாஸ்போர்ட் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. உங்கள் தம்பி அதை வைத்திருப்பவர், அவ்வளவே. தனியார் ஒருவர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ‘பணம் கட்டினால் தருவேன்’ என்று சொல்ல எந்த உரிமையும் இல்லை. தம்பி தன் பெயரில், மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும், நான்கு வரி எழுதட்டும். இன்ன தேதியில் கூரியரில் அனுப்பிய பாஸ்போர்ட், இன்னின்ன அசல் சான்றிதழ்கள் எனக்கு வேண்டும். ஏழு நாளில் அனுப்பி வையுங்கள். ரயில்வே வேலை, போலீஸ், பணம் எதைப் பற்றியும் அந்தக் கடிதத்தில் பேச வேண்டாம். கோபமும் வேண்டாம். பல நேரம் ஆளை உஷார்ப்படுத்தாமல் கேட்டால் திரும்பி வந்துவிடும். கூரியர் ரசீதையும் ஜிபே விவரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் இப்போதே வேறு ஒரு போனிலும் சேமித்து வையுங்கள். தம்பியின் போனில் மட்டும் இருந்தால், ஒரு நாள் கோபத்தில் அவனே அழித்துவிடுவான்.

ஏழு நாளில் வரவில்லை என்றால் புகார்தான். ஏமாற்றிப் பணமோ பொருளோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் வருகிறது. முன்பு 420 என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது அது. ஏஜெண்ட் வடக்கே இருக்கிறார், நாம் அங்கே போய்த்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று உங்கள் அப்பா நினைப்பது தவறு. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஜிபேயில் போன 50,000 ரூபாய்க்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அந்தப் பணம் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். நாள் ஆக ஆக வாய்ப்பு குறையும். ஆனால் போன 50,000 ரூபாயை மீட்க இன்னும் ஐந்து லட்சம் போடுவது எந்தக் கணக்கிலும் சேராது. இந்தத் தவறைத்தான் நம் ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

சரி, சரிபார்ப்புத் தேதிக்குள் சான்றிதழ் வராவிட்டால்? புகார் ரசீதின் நகலோடு கல்லூரியிலும் கல்வித்துறையிலும் இரண்டாம்படிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, ரயில்வேக்கு முன்கூட்டியே எழுத்தில் நிலைமையைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். கடைசி நாளில் போய் நிற்காதீர்கள்.

ரயில்வேயா, வெளிநாடா?

இங்கே உங்கள் தம்பியும் நீங்களும் இரண்டு பேருமே ஒரே தவறான எண்ணத்தில் இருக்கிறீர்கள். ரயில்வேயில் சேர்ந்தால் கதவு மூடிவிடும் என்று அவன் பயப்படுகிறான். மூடிவிட்டால் நல்லதுதானே என்று நீங்கள் உள்ளுக்குள் நிம்மதிப்படுகிறீர்கள். இரண்டும் சரியில்லை.

கீது அன்னா ஜோஸைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். கேரளத்துப் பெண், சென்னையில் தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்கு ஆடியவர். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கிளப்புக்கு ஆடப் போனார். 2011இல் அமெரிக்காவின் பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கும் அழைக்கப்பட்டார். தெற்கு ரயில்வேயிலிருந்து இந்திய அணியின் கேப்டனாகி, 2021இல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரையும் நம் சென்னைக்காரர்தான். வேலை இவர்களை ஆட்டத்திலிருந்து பிரிக்கவில்லை. துறையின் முன் அனுமதி வேண்டும். தடையின்மைச் சான்று இல்லாமல் வெளிநாட்டு லீக்கில் போய்ச் சம்பளத்துக்கு ஆட முடியாது. அந்த அனுமதி கிடைப்பது சுலபம் என்று சொல்லவில்லை. கேட்டுப் பெறவேண்டிய ஒன்று, முடியாதது அல்ல.

மறுபக்கம் பார்த்தால், ரயில்வே கதவுதான் சீக்கிரம் மூடும். விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்புகளில் வயது வரம்பு பொதுவாக 18 முதல் 25 வரை. அதிலும் அண்மைய ஓரிரு ஆண்டுகளின் சாதனைகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அவன் வெளியே போய், எதுவும் சரிப்படாமல் இரண்டு வருடம் கழித்து வந்தால், இப்போது கையில் இருக்கும் மாநில அணிச் சான்றிதழ்கள் பழசாகியிருக்கும், வயதும் எல்லையைத் தொட்டிருக்கும். வெளிநாட்டுக் கிளப்புகளோ வருடா வருடம் ஆள் எடுக்கின்றன. 24, 25 வயதில் ஆட்டக்காரர்கள் தேறிக்கொண்டுதான் இருப்பார்கள்.

என் கருத்தைக் கேட்டால், சேரட்டும். ரயில்வே அணிகளின் பயிற்சியும், தேசியப் போட்டிகளில் கிடைக்கும் ஆட்ட நேரமும் அவனுக்கு இப்போது தேவை. அங்கிருந்து தேடும் வாய்ப்புக்கு அவன் கெஞ்ச வேண்டியிருக்காது. ஆனால் முடிவு அவனுடையது. உண்மையான ஒப்பந்தம் ஒன்று கையில் வந்து, அவன் வேலையை விட்டுப் போகத் துணிந்தால், அந்தத் துணிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன்.

என்.பி.ஏ. பற்றி

தம்பியின் இந்த நம்பிக்கையைத் திருத்தும்போது மெதுவாகச் செய்யுங்கள். என்.பி.ஏ.வில் 30 அணிகள், அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து 450 இடங்கள். 2015இல் என்.பி.ஏ.வின் புதுமுகத் தேர்வில் பஞ்சாபின் சத்னாம் சிங்கை டல்லஸ் மாவெரிக்ஸ் அணி 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது நாடே கொண்டாடியது. இந்தியாவிலிருந்து அப்படித் தேர்வான முதல் ஆள் அவர். ஏழடி இரண்டங்குலம். 14 வயதிலேயே அமெரிக்கா போய் அங்கேயே பயின்றவர். அவரும் என்.பி.ஏ.வின் லீக் ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கவில்லை. அவருக்குப் பிறகு அம்ஜோத் சிங் என்.பி.ஏ.வுக்கு அடுத்த படியான ஜி லீகில் ஓக்லஹோமா அணிக்கும், அம்ரித்பால் சிங் ஆஸ்திரேலியாவில் சிட்னி கிங்ஸுக்கும் ஆடினார்கள். இந்த இரண்டு பேரும் ஆறடி எட்டங்குலமோ அதற்கு மேலோ, இந்திய அணியில் பல வருடம் ஆடிய பிறகு போனவர்கள்.

ஒரு பயிற்சியாளர் நண்பரிடம் உங்கள் தம்பியின் வீடியோவைக் காட்டினேன். பெயர் சொல்லவில்லை. அவர் சொன்னது இது: “பையன் நல்லாத்தான் ஆடுறான். ஆனா இங்க சென்டரா கூடைக்குக் கீழ நிக்கிறான். ஆறடி ஏழுல அங்க யாரும் சென்டர் ஆட மாட்டாங்க. வெளிய நின்னு மூணு பாயிண்ட் போடணும், பந்தை நகர்த்திக் கொண்டுவர்ற வேகமான கார்டைத் தடுக்கணும்.” மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.75 மீட்டர். அங்கிருந்து தொடர்ந்து போடும் பழக்கம் அவனுக்கு வந்தால், வெளிநாட்டுக் கிளப் அவனைப் பார்க்கக் காரணம் இருக்கும். பெரும்பாலான லீகுகளில் ஓர் அணியில் வெளிநாட்டு ஆட்டக்காரர் இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. அந்த ஓரிரு இடத்துக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடி வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கிளப் அவர்களை விட்டு உங்கள் தம்பியை ஏன் எடுக்கும் என்ற கேள்விக்கு ஏஜெண்டிடம் பதில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இதை அவனைத் தாழ்த்துவதற்காகச் சொல்லவில்லை. அவன் எங்கே உழைக்க வேண்டும் என்பது இதில்தான் இருக்கிறது.

நிஜமான ஒப்பந்தம் வந்தால் பார்க்க வேண்டியவை

நாளை நல்ல வாய்ப்பு ஒன்று வரலாம். அப்போதும் உணர்ச்சிவசப்பட்டு எல்லாவற்றையும் மறந்துவிடாமல் இருக்க, இதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் உறுதியானதா? ‘கேரண்டி’ என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஆட்டம் சரியில்லை என்றதும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். 1,500 யூரோ என்பது வரி போகக் கைக்கு வருவதா, வரிக்கு முன்னா என்பதும், எந்தத் தேதியில் வரும் என்பதும் எழுதப்பட வேண்டும். சிறிய கிளப்புகளில் சம்பளம் தள்ளிப்போவது சாதாரணம். இத்தனை நாள் தாமதமானால் பயிற்சிக்கு வராமல் நிற்கலாம், இத்தனை நாளுக்கு மேல் போனால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மொத்தப் பணத்தையும் கேட்கலாம் என்ற வரி கட்டாயம் வேண்டும்.

ஒப்பந்தம் ஒன்றா, இரண்டா? சில இடங்களில் சம்மேளனத்தில் பதிவு செய்ய உள்ளூர் மொழியில் குறைந்த சம்பளத்துக்கு ஒரு தாளும், மீதிக்கு வேறு பெயரில் இன்னொரு தாளும் போடுவார்கள். தகராறு வந்தால் சின்னத் தாளை மட்டும் காட்டுவார்கள். புரியாத மொழியில் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது.

காயம் பட்டால்? இதுதான் ஆட்டக்காரர் குடும்பங்கள் கேட்க மறக்கும் கேள்வி. முழங்கால் தசைநார் கிழிந்தால் அறுவை சிகிச்சையும் அதன்பிறகான பயிற்சியும் சேர்ந்து பல மாதம் போய்விடும். அந்தக் காலத்துச் சம்பளம் உண்டா, சிகிச்சைச் செலவு யாருடையது, காப்பீடு எந்த நாள் முதல் தொடங்குகிறது என்று பாருங்கள். போய் இறங்கியதும் உடல்தகுதிச் சோதனை நடக்கும். அது எத்தனை நாளுக்குள் என்று எழுதியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால், மூன்று மாதம் ஆட வைத்துவிட்டு, “மெடிக்கலில் ஃபெயில்” என்று அனுப்ப வழி இருக்கிறது. திரும்பி வரும் டிக்கெட்டும் ஒப்பந்தத்தில் வேண்டும்.

தகராறு எங்கே தீரும்? பணம் தராவிட்டால் ராமநாதபுரத்தில் கேஸ் போடலாம்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். கிளப்பின் மீது இங்கே கேஸ் போட்டு ஒன்றும் கிடைக்காது. அந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் உங்களால் அலைய முடியாது. இதற்காகவே ஃபிபா ஒரு நடுவர் தீர்ப்பாயத்தை ஏற்படுத்தியிருக்கிறது. ‘பேட்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். ஜெனீவாவைத் தலமாகக் கொண்டது, 2007 முதல் வழக்குகளைப் பார்க்கிறது. பெரும்பாலும் ஒரே நடுவர், எழுத்து மூலமாகவே விசாரணை, நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்பு. தீர்ப்பை மதிக்காத கிளப் புது ஆட்டக்காரரைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போட முடியும். கிளப்புகள் இதற்குத்தான் பயப்படும். ஆனால் ஒப்பந்தத்தில் ‘தகராறு பேட் முன் தீர்க்கப்படும்’ என்ற ஷரத்து இருந்தால்தான் அங்கே போகலாம். உங்கள் தம்பி கையெழுத்துப் போட்ட தாளில் அது இல்லை. வழக்குக் கட்டணமும் உண்டு, சின்னத் தொகைக்குக் கட்டுப்படியாகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மருந்தும் பவுடரும். சத்னாம் சிங் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 2020இல் இரண்டு வருடத் தடை பெற்றார். ஜிம்மில் யாரோ கொடுத்த புரோட்டீன் டப்பா, மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய சளி மருந்து, எதுவானாலும் உடலில் இருந்தால் பொறுப்பு ஆட்டக்காரருடையது. ‘தெரியாது’ என்பது இங்கே எடுபடாத பதில்.

வரி விஷயம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வருடத்தில் 182 நாள் என்ற கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள். வேலைக்காக வெளிநாடு போகிறவர் இந்தியாவில் தங்கும் நாள் அதற்குக் குறைந்தால் வரிக் கணக்கு மாறும். அப்போது ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல்

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் தம்பி, “அக்கா, அந்த வக்கீல் எல்லாத்தையும் சந்தேகப்படுறார்” என்று சொல்லக்கூடும். நியாயம்தான். என்னை நம்ப வேண்டாம், கிளப்பையே கேட்கட்டும். அந்தக் கிளப் நிஜமாக இருந்தால் அதற்கு இணையதளம் இருக்கும், அந்த நாட்டுச் சம்மேளனத்தின் பட்டியலில் பெயர் இருக்கும். ஏஜெண்ட் கொடுத்த முகவரிக்கு எழுதக்கூடாது. சம்மேளனத்தின் தளத்தில் இருக்கும் முகவரியைத் தேடி எடுத்து அதற்கு எழுத வேண்டும். என் பெயர் இது, என் உயரம் இது, இன்னார் உங்கள் சார்பில் எனக்கு இந்தத் தாளைத் தந்திருக்கிறார், இது உங்களுடையதா, நான் பணம் கட்ட வேண்டுமா என்று ஐந்து வரி. இணைப்பில் அந்தத் தாளும் அவன் ஆடிய ஒரு முழு ஆட்டத்தின் வீடியோவும். வெட்டி ஒட்டிய இரண்டு நிமிட வீடியோவைப் பயிற்சியாளர்கள் பெரிதாக நம்ப மாட்டார்கள்.

‘எங்களுக்கு இவரைத் தெரியாது’ என்று பதில் வந்தால், பணம் தப்பியது. ‘ஆமாம், எங்களுடையதுதான், நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம்’ என்று வந்தால், நான் சந்தோஷமாக ஒப்பந்தத்தைப் படித்துத் தருகிறேன், ஃபீஸ் வேண்டாம். பதிலே வராவிட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். விசைப்படகுகள் தடைக்காலத்தில் 61 நாள் கரையில் கிடக்கும்போது, கடலுக்குப் போய் மீன் கொண்டுவருவது அவருடையதைப் போன்ற நாட்டுப்படகுதான். அப்போதுதான் மீனுக்கு விலையும். அந்த வள்ளத்தில்தான் இந்தப் பிள்ளையின் ஷூவும் ஜெர்சியும் சென்னை பஸ் டிக்கெட்டும் வந்தன. விற்றால் ஐந்து லட்சம், வைத்திருந்தால் வீட்டின் சோறு. அவர் விற்கத் துணிந்தது மகன் மேலுள்ள பாசத்தால் என்று எனக்குத் தெரிகிறது. தம்பிக்கும் அது தெரிய வேண்டும். அதை அவரே அவனிடம் சொல்லட்டும்.

நீங்கள் தம்பியிடம் பேசும்போது “வேண்டாம்” என்று ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் வரும், அவனுக்கு ஆட்டம் தெரியும். அந்த மின்னஞ்சலை இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து எழுதுங்கள். பாஸ்போர்ட்டைக் கேட்கும் கடிதம் திங்கட்கிழமை காலைத் தபாலில் போய்விட வேண்டும். அதன் ரசீதை எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.